அனிமாசிட்டி என்ற ஆங்கிலச் சொல்: பொருளும் பயன்பாடும் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோலாலம்பூரில் எஸ்.பி.எம். ஆங்கிலத் தாளுக்கும் மூயெட் தேர்வுக்கும் தயாராகும் தமிழ் மாணவர்கள், சங்கங்களுக்கும் ஆலய நிர்வாகங்களுக்கும் கடிதம் எழுதித் தருகிறவர்கள், அலுவலகத்தில் ஆங்கில அறிக்கையைத் தமிழில் விளக்கவேண்டியிருப்பவர்கள் ஆகியோர் இந்தச் சொல்லைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இங்கே தொகுக்கப்பட்டுள்ளன. ஆங்கிலத்தில் பகையுணர்வைக் குறிக்கும் சொற்கள் ஏராளம். அவற்றுள் அனிமாசிட்டியைத் தனியே எடுத்துக்கொண்டதற்குக் காரணம், அது தமிழுக்கு வரும்போது பெரும்பாலும் தனக்குரிய எடையைவிடக் கூடுதலான எடையோடு வந்து சேர்வதுதான். எந்தச் சொல் என்பதில் ஐயம் வேண்டாம்: ஏ, என், ஐ, எம், ஓ, எஸ், ஐ, டி, ஒய் என்னும் ஒன்பது எழுத்துகளால் ஆனது அது.

அனிமாசிட்டி என்றால் என்ன?

ஒருவர் மீதோ ஒரு தரப்பின் மீதோ மனத்தில் வேரூன்றிவிட்ட கடுமையான வெறுப்பையும், அந்த வெறுப்பு பேச்சிலோ முகத்திலோ செயலிலோ கசிந்து வெளியே தெரிவதையும் சேர்த்தே இந்தச் சொல் குறிக்கிறது. அது கணநேரக் கோபம் அன்று. கேஎல் சென்ட்ரலில் ரயில் தாமதமானால் வருவது எரிச்சல். சாலையில் குறுக்கே புகுந்த வாகனமோட்டியைத் திட்டுவது கோபம். இரண்டுக்கும் அனிமாசிட்டி பொருந்தாது. ஒருவர் கூட்டத்தில் எழுந்தாலே, அவர் வாய் திறக்கும் முன்பே மற்றொருவர் மறுப்புச் சொல்லத் தயாராகிவிடுகிறார் என்றால், அதற்குத்தான் இந்தச் சொல். தொடக்கக் காரணம் என்னவென்று இருவருக்குமே மறந்துபோயிருக்கலாம். உணர்ச்சி மட்டும் அப்படியே இருக்கும்.

இன்னொன்றும் கவனிக்கத் தக்கது. இந்த உணர்ச்சிக்கு இலக்காக ஒரு மனிதரோ, ஒரு குழுவோ, மனிதர்கள் நடத்தும் ஓர் அமைப்போ இருக்கவேண்டும். டுரியானின் வாடை பிடிக்காத ஒருவருக்கு டுரியான் மீது வெறுப்பு உண்டு என்று ஆங்கிலத்தில் சாதாரணமாகச் சொல்லலாம். அனிமாசிட்டி உண்டு என்று சொன்னால் கேட்பவர் அதை நகைச்சுவையாகவே எடுத்துக்கொள்வார்.

எப்படி உச்சரிப்பது?

அழுத்தம் மூன்றாவது அசையான ‘மா’ என்பதில் விழவேண்டும். முதல் எழுத்தின் ஒலி ஆப்பிள் என்னும் சொல்லின் தொடக்க ஒலிதான்; தமிழ் எழுத்தில் அதைத் துல்லியமாகக் காட்ட வழியில்லை. ‘அனிமோசிட்டி’ என்று நெடில் ஓகாரத்தோடு சொல்வது நம்மிடையே பரவலாக இருந்தாலும், ஆங்கிலம் பேசுவோர் அப்படிச் சொல்வதில்லை.

தமிழில் ஒரே சொல்லில் சொல்லவேண்டுமானால் எதைச் சொல்லலாம்?

பெரும்பாலான இடங்களில் ‘காழ்ப்பு’ அல்லது ‘காழ்ப்புணர்ச்சி’ என்பதையே பரிந்துரைக்கிறேன். காழ் என்பது மரத்தின் உள்ளே இறுகிப்போன வைரத்தையும் விதையின் கடினப் பகுதியையும் குறிக்கும் பழஞ்சொல். அகத்தே காழ் உடையதை மரம் என்றும் புறத்தே காழ் உடையதைப் புல் என்றும் தொல்காப்பியம் பிரிக்கிறது. தென்னையும் பனையும் புல்லினத்தில் சேர்வது இந்தக் கணக்கினால்தான். உள்ளே இறுகிவிட்ட வெறுப்பு என்னும் கருத்து காழ்ப்பு என்ற சொல்லிலேயே அடங்கியிருப்பதால், அனிமாசிட்டிக்கு மிக அருகே நிற்பது அதுவே. அரசியல் காழ்ப்புணர்ச்சி, தனிப்பட்ட காழ்ப்பு ஆகிய தொடர்கள் நம் நாளிதழ்களில் வழக்கமாக வருபவை என்பதால், வாசகருக்கும் அது புதிதாக இராது.

‘வன்மம்’ என்பதையும் பலர் பயன்படுத்துகிறார்கள். வன்மத்தில் பழிவாங்கக் காத்திருக்கும் தன்மை கூடுதலாகத் தொனிக்கிறது. அனிமாசிட்டி உடையவர் பழிவாங்கத் திட்டமிடவேண்டும் என்பதில்லை. அவருக்கு எதிராளியைக் கண்டால் ஆகாது, அவ்வளவுதான். ‘குரோதம்’ இலங்கைத் தமிழ் எழுத்தில் மிகுதியாக வருகிறது, நம் ஊரில் சற்றே நாடகத்தனமாக ஒலிக்கிறது. ‘துவேஷம்’ பெரும்பாலும் இனத்துவேஷம், மதத்துவேஷம் போன்ற தொடர்களில் ஒதுங்கிவிட்டது. ஒரு குழுவின் மீதான அனிமாசிட்டியைப் பற்றி எழுதும்போது அது பொருந்தும். அக்கம்பக்கத்து வீட்டார் இருவரைப் பற்றிய பேச்சில் அது பொருந்தாது.

‘மனக்கசப்பு’, ‘மனத்தாங்கல்’ ஆகியவற்றின் நிலை வேறு. நெருங்கியவர்களுக்குள் வந்து, ஒருவர் இறங்கி வந்தால் தீர்ந்துவிடக்கூடியது மனத்தாங்கல். அதை ஆங்கிலத்தில் அனிமாசிட்டி என்று எழுதினால், தீபாவளிக்கு ஒரு டப்பா முறுக்கு கொடுத்தனுப்பி முடிக்கவேண்டிய விவகாரத்தை வழக்குமன்றம் வரை கொண்டுபோனதாகிவிடும்.

‘பகை’ என்று எழுதிவிட்டால் என்ன குறை?

பகை என்பது உணர்ச்சியின் பெயர் மட்டும் அன்று. அது இருவருக்கிடையிலான ஓர் உறவுநிலையின் பெயரும் ஆகும். இரண்டு குடும்பங்கள் பகையாகிவிட்டன என்றால், இருதரப்பும் ஒருவரையொருவர் எதிரியாக ஏற்றுக்கொண்டுவிட்டன என்பதே பொருள். அனிமாசிட்டி ஒருதரப்பாகவும் இருக்கலாம். ஒரு மேலாளருக்குத் தன் கீழ் வேலை செய்யும் ஓர் ஊழியர் மீது அனிமாசிட்டி இருப்பதை அந்த ஊழியர் அறியாமலேகூட இருக்கலாம். அதைப் பகை என்று பெயர்த்தால், ஒன்றும் அறியாத ஊழியரையும் சண்டைக்காரராக்கிவிடுகிறோம்.

இது வெறும் சொல்நுட்பம் என்று ஒதுக்கிவிட முடியாது. ஆலயம் ஒன்றின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் கணக்கறிக்கை குறித்து வாக்குவாதம் நடந்ததாக வைத்துக்கொள்வோம். கூட்டத்தைப் பார்வையிட்ட ஒருவர் தம் ஆங்கிலக் குறிப்பில், முன்னாள் பொருளாளர் மீது சில உறுப்பினர்களிடம் அனிமாசிட்டி காணப்பட்டது என்று எழுதுகிறார். அதைத் தமிழில் உறுப்பினர்களுக்கு வாசித்துக் காட்டுகிறவர், ‘சில உறுப்பினர்கள் முன்னாள் பொருளாளரிடம் பகை கொண்டிருந்தனர்’ என்று வாசித்தால் என்ன ஆகும்? குறிப்பிடப்பட்டவர்கள் எழுந்து, எங்களை எதிரி என்று எழுதியது யார் என்று கேட்பார்கள்; அந்தக் கேள்வியில் நியாயமும் இருக்கும். ‘முன்னாள் பொருளாளர் மீது சில உறுப்பினர்களுக்குக் காழ்ப்புணர்ச்சி இருப்பது தெரிந்தது’ என்றால், அதுவும் கடுமையான சொல்தான் என்றாலும், எழுதியவர் சொன்ன அளவைத் தாண்டவில்லை. சங்கப் பதிவிலாகாவுக்கு அனுப்பப்படும் ஆவணங்களில் இத்தகைய ஒரு சொல் பின்னாளில் யார் கையில் எப்படிப் பயன்படும் என்பதை எழுதும்போது நாம் அறியமாட்டோம்.

ஹாஸ்டிலிட்டி, என்மிட்டி ஆகிய இரண்டும் இதே பொருள் உடையவை அல்லவா?

அகராதிகள் ஒன்றை மற்றொன்றால் விளக்குவதால் வரும் மயக்கம் இது. மூன்றையும் பிரித்தறிய நான் கையாளும் அளவுகோல் எளியது: அனிமாசிட்டி மனத்தில் இருப்பது, ஹாஸ்டிலிட்டி நடத்தையில் தெரிவது, என்மிட்டி உறவில் நிலைத்துவிட்டது. ஆங்கிலேயர் எல்லோரும் இந்த எல்லைகளை எப்போதும் மதித்து எழுதுகிறார்கள் என்று சொல்லமாட்டேன். ஆனால் தேர்ந்த எழுத்தில் இந்த வேறுபாடு பெரும்பாலும் நிற்கிறது.

ஹாஸ்டிலிட்டி என்ற சொல் லத்தீனின் ஹோஸ்டிஸ் என்பதிலிருந்து வந்தது. ஹோஸ்டிஸ் முதலில் அயலானையும் பிறகு எதிரியையும் குறித்தது. விருந்தோம்பலைக் குறிக்கும் ஹாஸ்பிடாலிட்டியும் அதே தொல்வேரோடு உறவுடையது. வாசலில் வந்து நிற்கும் அயலான் விருந்தினனாகவும் ஆகலாம், எதிரியாகவும் ஆகலாம் என்பதை அந்த வேர் இன்னும் நினைவில் வைத்திருக்கிறது. இன்றைய வழக்கில் ஹாஸ்டிலிட்டிக்கு வெளிப்படையான எதிர்ப்பு என்னும் பொருள் முந்தி நிற்கிறது. கேள்வி கேட்டவரை முறைப்பது, பதில் தர மறுப்பது, குரலை உயர்த்துவது ஆகியவை ஹாஸ்டிலிட்டி. உள்ளே அனிமாசிட்டி இல்லாமலேயே ஒருவர் அப்படி நடந்துகொள்ள முடியும். முகப்பில் உட்கார்ந்திருக்கும் களைத்துப்போன ஊழியர் அப்படித்தான். அவருக்கு நம்மை யாரென்றே தெரியாது.

என்மிட்டிக்கு வேர் வேறு. நண்பன் அல்லாதவன் என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது அது. எதிரியைக் குறிக்கும் எனிமி என்ற சொல்லும் அங்கிருந்தே வருகிறது. நெடுநாளாக நீடிப்பதும், இருதரப்பும் அறிந்ததும், சில வேளைகளில் தலைமுறை கடந்ததுமான பகைக்கு அது ஏற்றது. தமிழில் ‘பகை’, ‘பகைமை’, ‘விரோதம்’ ஆகிய சொற்களை இதற்கென்று வைத்துக்கொண்டால் குழப்பம் பாதி குறைந்துவிடும்.

பினாங்கு வரலாற்றிலிருந்து ஓர் எடுத்துக்காட்டுத் தரலாம். 1867ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் ஜார்ஜ்டவுனில் கீ ஹின், தோ பே கொங் என்னும் இரு சீன ரகசியச் சங்கங்கள் மோதின. வெள்ளைக்கொடி, சிவப்புக்கொடி என்னும் இரு மலாய் முஸ்லிம் சங்கங்களும் ஆளுக்கொரு பக்கம் சேர்ந்துகொள்ள, நகரம் பத்து நாள் அளவுக்குக் கலவரத்தில் சிக்கியது. அந்தச் சங்கங்களுக்கிடையே ஏற்கெனவே நிலைத்திருந்தது என்மிட்டி. தெருவில் நடந்தது ஹாஸ்டிலிட்டி. சாதாரண உறுப்பினர் ஒருவருக்கு எதிர்ச் சங்கத்துக்காரரைக் கண்டதும் மனத்தில் எழுந்தது அனிமாசிட்டி. கலவரம் அடங்கிய மறுநாள் இவற்றுள் ஹாஸ்டிலிட்டி ஓய்ந்துவிட்டது என்று எழுதலாம். மற்ற இரண்டும் ஓய்ந்தன என்று எழுத எந்த வரலாற்றாசிரியரும் தயங்குவார்.

ஹாஸ்டிலிட்டீஸ் என்று பன்மையில் வந்தால்?

அப்போது அது போர் நடவடிக்கைகளைக் குறிக்கும்; வெறுப்பையோ நடத்தையையோ அன்று. இந்தோனேசியா மலேசியாவை எதிர்த்து 1963இல் தொடங்கிய கொன்ஃப்ரொந்தாசி, 1966 ஆகஸ்டு 11ஆம் நாள் ஜகார்த்தாவில் கையெழுத்தான உடன்பாட்டோடு முடிந்தது. அதைப் பற்றிய ஆங்கில எழுத்தில் ஹாஸ்டிலிட்டீஸ் என்று வரும் இடங்களில் ‘சண்டை’ அல்லது ‘போர் நடவடிக்கைகள்’ என்று எழுதவேண்டும். ‘பகைமைகள் நிறுத்தப்பட்டன’ என்ற மொழிபெயர்ப்பு எங்கேயாவது கண்ணில் பட்டால், அகராதியை மட்டும் நம்பி எழுதியது என்று அறியலாம்.

இந்தச் சொல்லின் பிறப்பு என்ன?

லத்தீனில் அனிமஸ் என்பது மனம், உள்ளம், ஊக்கம் ஆகியவற்றைக் குறிக்கும். அதிலிருந்து வந்த அனிமோசிட்டாஸ் என்பதற்குத் துணிவு, ஊக்கமிகுதி என்பதே பொருள். ஆங்கிலத்திலும் 15ஆம் நூற்றாண்டில் இந்தச் சொல் வீரத்தையே குறித்தது. வெறுப்பு என்னும் பொருள் 17ஆம் நூற்றாண்டை ஒட்டித்தான் நிலைபெற்றது. ஊக்கம் மிகுந்து, ஒருவருக்கு எதிராகத் திரும்பி, பிறகு அந்த எதிர்ப்பே பொருளாகிவிட்டது போலும்.

அதே வேரிலிருந்து கிளைத்த மற்ற சொற்கள் நற்பெயரோடு வாழ்கின்றன. பெரிய உள்ளம் உடையவரைக் குறிப்பது மேக்னானிமஸ். மனம் சமநிலையில் இருப்பது ஈக்வனிமிட்டி. யுனானிமஸ் என்பது ஒரே மனம் என்று பிரியும். நம் சங்கக் கூட்டக் குறிப்புகளில் ‘ஒருமனதாகத் தீர்மானிக்கப்பட்டது’ என்று எழுதுகிறோமே, அந்த ஒருமனமும் லத்தீன்காரரின் ஒருமனமும் தம்முள் தொடர்பில்லாமலேயே ஒரே சிந்தனையில் வந்து நிற்கின்றன.

அனிமஸ் என்றும் ஆங்கிலத்தில் எழுதுகிறார்களே, அது வேறா?

பொருள் ஏறத்தாழ ஒன்று. ஆனால் அனிமஸ் ஒருதரப்பான உள்நோக்கத்தை மேலும் அழுத்துகிறது. தீர்ப்புகளிலும் கட்டுரைகளிலும் வரும், பேச்சில் அரிது. சட்ட மொழியில் அது வெறும் ‘எண்ணம்’, ‘கருத்து’ என்ற நடுநிலைப் பொருளிலும் வரக்கூடும் என்பதால், தேர்வில் மாணவர்கள் அதைத் தவிர்ப்பது நல்லது.

ஆங்கிலத்தில் எழுதும்போது இந்தச் சொல்லுக்குப் பின் எந்த இடைச்சொல் வரவேண்டும்?

நம் மாணவர்கள் மிகுதியாகத் தவறுவது இங்கேதான். தவறு எங்கிருந்து வருகிறது என்பதும் தெளிவு: அது தமிழிலிருந்தே வருகிறது. ‘அவரோடு பகை’ என்பது நம் வழக்கு. ஆகவே மாணவர் ‘அனிமாசிட்டி வித் ஹிம்’ என்று எழுதுகிறார். ‘அவர் மீது காழ்ப்பு’ என்பதும் நம் வழக்கு. ஆகவே இன்னொருவர் ‘அனிமாசிட்டி ஆன் ஹிம்’ என்று எழுதுகிறார். இரண்டும் பிழை. ஒருதரப்பான காழ்ப்பானால் ‘டுவர்ட்ஸ்’ வரவேண்டும். இருதரப்புக்கும் இடையில் உள்ளதானால் ‘பிட்வீன்’ வரவேண்டும். ‘அகெய்ன்ஸ்ட்’ என்று எழுதினாலும் தவறாகாது, ஆயினும் ‘டுவர்ட்ஸ்’ போல அது இயல்பாக ஒலிப்பதில்லை.

நம் நாட்டு மாணவர்களுக்கு ஒரு வசதி உண்டு. மலாயில் இதே இடத்தில் ‘தெர்ஹாடாப்’ என்று வரும். வாக்கியத்தை மலாயில் ஒருமுறை மனத்தில் ஓட்டிப் பார்த்து, ‘தெர்ஹாடாப்’ வருமிடத்தில் ‘டுவர்ட்ஸ்’, ‘அந்தாரா’ வருமிடத்தில் ‘பிட்வீன்’ என்று வைத்துக்கொண்டால் பெரும்பாலும் சரியாக அமைந்துவிடும். மூன்று மொழி தெரிந்திருப்பதை நம் பிள்ளைகள் சுமையாகவே பார்க்கிறார்கள். இத்தகைய இடங்களில் அது உதவுகிறது.

வினைகளைப் பொறுத்தவரை, காழ்ப்பை ஒருவர் ‘ஃபீல்’ செய்வார், ‘பேர்’ செய்வார், ‘ஹார்பர்’ செய்வார். ஹார்பர் என்றால் துறைமுகம் என்று மட்டும் அறிந்தவர்களுக்கு இது வியப்பாக இருக்கும். உள்ளே இடம் கொடுத்து வைத்திருத்தல் என்பது அந்த வினையின் பொருள். தமிழில் பகை ‘பாராட்டுகிறோம்’, வன்மம் ‘வைக்கிறோம்’, காழ்ப்புக் ‘கொள்கிறோம்’. இவற்றுள் எதையும் ஆங்கிலத்தில் சொல்லுக்குச் சொல் பெயர்க்க முடியாது. காழ்ப்பை மூட்டிவிடுவதற்கு ‘ஸ்டர் அப்’ என்பது வழக்கு.

பன்மை உண்டா?

உண்டு. பழங்காலத்துக் காழ்ப்புகள், பல தரப்புகளுக்கிடையிலான காழ்ப்புகள் என்று பலவற்றைச் சுட்டும்போது பன்மையில் எழுதலாம். மற்ற இடங்களில் ஒருமையே போதும்.

இதற்குப் பெயரடையோ வினைச்சொல்லோ இல்லையா?

இன்றைய ஆங்கிலத்தில் இல்லை. அனிமேட், அனிமேட்டட் ஆகியவை அதே குடும்பத்தைச் சேர்ந்தவை என்றாலும், உயிரூட்டுதல், உற்சாகமாக இருத்தல் என்ற பொருள் உடையவை; அவற்றை இந்தச் சொல்லின் வடிவங்களாகக் கருதி எழுதினால் வாக்கியம் நேர்மாறாகிவிடும். பெயரடை தேவைப்பட்டால் ஹாஸ்டைல் என்பதை நாடவேண்டும். பிரிட்டிஷ் ஆங்கிலத்தைப் பின்பற்றும் நாம் ஹாஸ்டைல் என்கிறோம். அமெரிக்கர் உச்சரிப்பதைக் கேட்டால் மாணவர் விடுதியைச் சொல்கிறாரோ என்று தோன்றும். திரைப்படம் பார்த்து ஆங்கிலம் கற்பவர்கள் இங்கே ஏமாறுவது உண்டு.

வினை வேண்டுமானால் ஆண்டகனைஸ். அது கிரேக்க மொழியில் போட்டியைக் குறிக்கும் அகோன் என்ற சொல்லிலிருந்து வந்தது. ஆண்டகனைஸ் செய்வது என்றால் ஒருவரை எதிர்ப்பது என்று பலர் நினைக்கிறார்கள். இன்றைய பொதுவழக்கில் அதன் பொருள் ஒருவரை நமக்கு எதிராகத் திருப்பிவிடுவது, அதாவது அவருடைய காழ்ப்பைத் தேடிக்கொள்வது.

கிரட்ஜ், ராங்கர், மாலிஸ் ஆகியவை?

கிரட்ஜ் என்பது பழைய ஒரு சம்பவத்தை மனத்தில் வைத்துக்கொண்டிருப்பது; நம் ‘கறுவுதல்’ அதற்கு நெருக்கமானது. ராங்கர் நாட்பட்டுக் கெட்டுப்போன கசப்பு. எண்ணெய் காறிப்போவதைக் குறிக்கும் ரான்சிட் என்ற சொல்லோடு உறவுடையது. மாலிஸ் என்பது தீங்கு செய்யவேண்டும் என்ற எண்ணம். அது சட்டத்திலும் இடம்பெறுவதால், குற்றச்சாட்டு எழுதும்போது எண்ணிப் பார்த்தே பயன்படுத்தவேண்டும்.

கடும் போட்டியை அனிமாசிட்டி என்று சொல்லலாமா?

கூடாது. அதற்கு ரைவல்ரி என்ற சொல் இருக்கிறது. நம் நாட்டுப் பூப்பந்து வீரர் லீ சோங் வெய்யும் சீனாவின் லின் டானும் 2008இல் பெய்ஜிங்கிலும் 2012இல் லண்டனிலும் ஒலிம்பிக் இறுதி ஆட்டத்தில் மோதினர். இரண்டிலும் லின் டான் தங்கம் வென்றார். 2016இல் ரியோவில் அரையிறுதியில் லீ சோங் வெய் அவரைத் தோற்கடித்தார். தொலைக்காட்சி முன் உட்கார்ந்திருந்தவர்களுக்கு லின் டான் மீது சற்றே அனிமாசிட்டி இருந்திருக்கலாம், ஆனால் ஆடியவர்கள் இருவரும் ஒருவரையொருவர் மதித்துப் பேசியே வந்தார்கள். நீண்ட, கடுமையான, இரக்கமற்ற ரைவல்ரி அது. காழ்ப்பு இல்லாமல் போட்டி இருக்க முடியும், போட்டி இல்லாமல் காழ்ப்பும் இருக்க முடியும் என்பதால், ஒன்றை மற்றொன்றுக்கு மாற்றாக எழுதுவது சோம்பேறித்தனம்.

மலாயில் இதற்கு என்ன சொல்?

பெர்முசுஹான் என்பதே அகராதிகளில் முதலில் வரும். எதிரியைக் குறிக்கும் முசுஹ் என்ற சொல்லிலிருந்து பிறந்தது என்பதால், அது ஹாஸ்டிலிட்டிக்கும் என்மிட்டிக்கும்தான் கூடுதலாகப் பொருந்துகிறது. பழிவாங்கும் வன்மத்துக்கு டெண்டாம் என்பது சொல். அனிமாசிட்டியில் உள்ள உணர்ச்சிக் கூற்றைக் காட்டவேண்டுமானால், ராசா பெர்முசுஹான் என்று உணர்வைக் குறிக்கும் ராசாவைச் சேர்த்து எழுதுவது பொருத்தம். தமிழில் ‘காழ்ப்புணர்ச்சி’ என்று உணர்ச்சியைச் சேர்ப்பதும் அதே தேவைக்காகத்தான்.

மலேசியச் சட்டங்களில் இந்தச் சொல் வருகிறதா?

இனங்களுக்கிடையிலான வெறுப்பைப் பற்றிப் பேசும் சட்ட வாசகங்களில் இதன் உறவுச் சொற்களே முன்னிற்கின்றன. 1948ஆம் ஆண்டின் தேச நிந்தனைச் சட்டம், மலேசிய மக்களின் வெவ்வேறு இனங்களுக்கோ பிரிவுகளுக்கோ இடையே தீய எண்ணத்தையும் பகைமையையும் வளர்ப்பதை நிந்தனைப் போக்குகளுள் ஒன்றாகச் சொல்கிறது. அங்கே பகைமைக்கு ஆங்கில மூலத்தில் உள்ள சொல் ஹாஸ்டிலிட்டி. குற்றவியல் சட்டத்தின் 298ஏ பிரிவு, சமயத்தின் அடிப்படையில் என்மிட்டியையும் வெறுப்பையும் தீய எண்ணத்தையும் ஏற்படுத்துவதைப் பற்றிப் பேசுகிறது. ஆகவே, யார் மீதாவது இத்தகைய குற்றச்சாட்டு வந்த செய்தியைத் தமிழில் எழுதும்போது, சட்ட வாசகத்தில் உள்ளது ‘பகைமை’ என்ற எடையுள்ள சொல்லே என்பதை நினைவில் கொள்ளவேண்டும். அங்கே ‘மனக்கசப்பு’ என்று மென்மையாக்குவதும் பிழையே.

நீதிமன்றத்தில் கேட்கும் இன்னொரு தொடர் ஹாஸ்டைல் விட்னஸ். தம்மை அழைத்த தரப்புக்கே எதிராகச் சாட்சியம் சொல்கிறவர் அவர். தமிழில் ‘பிறழ்சாட்சி’ என்ற நல்ல சொல் இதற்கு வழங்குகிறது. 1950ஆம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்தின் 154ஆம் பிரிவு, ஒரு தரப்பு தான் அழைத்த சாட்சியையே குறுக்கு விசாரணை செய்யும் முறையில் கேள்வி கேட்க நீதிமன்றம் அனுமதிக்கலாம் என்கிறது. சுவையான செய்தி என்னவென்றால், அந்தப் பிரிவில் ஹாஸ்டைல் என்ற சொல்லே இல்லை. பிறழ்சாட்சிக்கு வழக்கறிஞர் மீது அனிமாசிட்டி இருக்கவேண்டும் என்பதும் இல்லை. பயத்தினாலும் ஒருவர் பிறழலாம். ‘பகைச் சாட்சி’ என்று பெயர்ப்பது இதனாலேயே தவறாகிறது.

பழந்தமிழில் இந்தப் பொருளுக்கென்று தனிச்சொல் இருந்ததா?

‘இகல்’ இருந்தது. திருக்குறளின் 86ஆம் அதிகாரம் இகல். அதை அடுத்தே 87இல் பகைமாட்சி, 88இல் பகைத்திறம் தெரிதல், 89இல் உட்பகை என்று பகையைப் பற்றிய அதிகாரங்கள் வருகின்றன. இகலும் பகையும் ஒன்றே என்று கருதியிருந்தால் வள்ளுவர் இகலுக்குத் தனி அதிகாரம் வகுத்திருக்கமாட்டார்.

இகலென்ப எல்லா உயிர்க்கும் பகலென்னும்
பண்பின்மை பாரிக்கும் நோய்

என்பது அந்த அதிகாரத்தின் முதற்குறள். இங்கே பகல் என்பது பகுத்தல், அதாவது கூடாமல் பிரிந்து நிற்றல். பிற உயிரோடு கூடாமை என்னும் பண்பின்மையை வளர்க்கும் நோய் இகல் என்கிறார். எதிராளி யார், அவர் வலிமை என்ன என்ற பேச்செல்லாம் பகை அதிகாரங்களுக்கு உரியவை; இகலை உடையவனின் உள்ளே இருக்கும் நோயாக அவர் காட்டுகிறார். அனிமாசிட்டிக்கு இதைவிடப் பொருத்தமான பழஞ்சொல் எனக்குத் தென்படவில்லை. ஆனால் இன்றைய அறிக்கையில் இகல் என்று எழுதினால் பாதிப்பேர் அச்சுப்பிழை என்று நினைப்பார்கள் என்பதால், காழ்ப்போடு நின்றுவிடுகிறேன்.

தேர்வுக் கட்டுரையிலும் அன்றாடப் பேச்சிலும் இதைப் பயன்படுத்தலாமா?

கட்டுரையில் தாராளமாகப் பயன்படுத்தலாம். இன உறவு, பகடிவதை, அண்டை வீட்டார் பிணக்கு போன்ற தலைப்புகளில் அது தானாகவே வந்து பொருந்தும். பேச்சில் அது சற்று விறைப்பான சொல். மாமாக் கடையில் உட்கார்ந்து தேநீர் குடிக்கும்போது, நண்பர் ஒருவருக்கும் அவருடைய மைத்துனருக்கும் இடையே அனிமாசிட்டி என்று யாரும் சொல்வதில்லை. பேட் பிளட் என்பார்கள், அல்லது நேராகத் தமிழில், இரண்டு பேரும் முகம் கொடுத்துப் பேசிக்கொள்வதில்லை என்பார்கள்.

‘உங்கள் மீது எனக்கு எந்தக் காழ்ப்பும் இல்லை’ என்று ஆங்கிலக் கடிதத்தில் எழுத இந்தச் சொல் ஏற்றதா?

இலக்கணப்படி பிழையில்லை. ஆனால் அடுக்குமாடி நிர்வாகக் குழுவுக்கோ மேலாளருக்கோ எழுதும் கடிதத்தில், யாரும் கேட்காதபோது எனக்கு அனிமாசிட்டி இல்லை என்று எழுதினால், இருக்குமோ என்ற எண்ணத்தை அதுவே கிளப்பிவிடும். அவ்வளவு கடுமையான உணர்ச்சியை மறுக்கவேண்டிய தேவை ஏன் வந்தது என்று படிப்பவர் யோசிப்பார். கடிதத்தில் ‘இல் வில்’ இல்லை என்று எழுதுவது மென்மையானது. நேரில் சொல்வதானால் ‘நோ ஹார்ட் ஃபீலிங்ஸ்’ போதும். எதிர்த்தரப்பு நம் மீது ஏற்கெனவே காழ்ப்புக் குற்றச்சாட்டை எழுத்தில் வைத்திருந்தால் மட்டும், அதே சொல்லை எடுத்து, அதே சொல்லால் மறுக்கலாம்.